சிக்கு, தேஞ்சி

எங்கள் மோட்டார் மெக்கானிக்குகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. செயலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்து, மோட்டார் சைக்கிள் பாட்டரியைக் காப்பாற்றப் பத்து விதி எழுதித் தரும்படி கேட்டார். இப்போது வரும் பாட்டரிகளுக்கு மூடியே கிடையாது. உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை, குறைந்தால் ஊற்றவும் வழியில்லை. இதற்குப் பராமரிப்பு விதி எழுதுவது செத்தவனுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது போலத்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் மலாக்காவில் குருபோங் பக்கம் ஒரு பட்டறைத் தம்பியிடம் கேட்ட பேச்சுதான் காரணம்.

"மூணு பாட்டரி மாத்தியாச்சு அங்கிள். எல்லாம் மட்டமான சாமான். இப்ப நாலாவது போடறேன்."

நாலாவது பாட்டரி என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பத்து விதி கேட்டவர்கள் இதற்குள்ளேயே பொறுக்கிக்கொள்ளலாம்.

என் பயிற்சிக்காலத்தை மூன்று வரியில் முடிக்கிறேன். ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தேன். காஜா பெராங்கில் ஒரு மோட்டார் பட்டறையில் மின்சார வேலைக்குச் சேர்ந்தேன். கையால் செய்கிற வேலையை மற்றவர்கள் கையால் கற்றார்கள், நான் புத்தகத்தில் கற்றேன், அதனால் பட்டறையில் எனக்கு ஒரு மேஜையும் பதிவேடும் கிடைத்தன. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி உண்டு: எந்தப் பகுதி, என்ன குறை, என்ன செய்தது. குறை இல்லையென்றால் "நல்லது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். பட்டறை முதலாளி பூட்டைப் போட்டுவிட்டுப் போனார். பட்டாளம் பூட்டை உடைத்து, அதே பட்டறையைத் தன் பழுது பார்க்கும் கொட்டகையாக்கி, எங்களையே கூப்பிட்டு வேலைக்கு வைத்தது. அதே ஆட்கள், அதே ஸ்பானர்கள். கடிகாரம் மட்டும் மாறியது. தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும் மணி என்று உத்தரவு. காலை எட்டு மணிக்கு வேலை என்றால் சூரியனுக்கு ஆறரை. பன்னிரண்டு மணிச் சாப்பாடு பத்தரைக்கே வரும். மரவள்ளிக்கிழங்குதான். அதற்கு எந்த நேரமானாலும் ஒரே ருசி.

கொட்டகையில் பாட்டரி மேஜை என் மச்சான் வேலாயுதத்திடம் இருந்தது. என் அக்காவின் கணவர். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் பாட்டரியைத் தெரிந்தவர். காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்காத அந்த நாளில், வெட்டவெளியில் எனாமல் பேசின் வைத்து மழைநீர் பிடிப்பார். தகரக் கூரையில் விழுந்து வருகிற தண்ணீரைத் தொடமாட்டார், துரு கலந்திருக்கும் என்பார். தகடு மூழ்கி அதற்கு மேல் கால் அங்குலம் நிற்கும்வரை ஊற்றுவார், அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. அமிலத்தின் கனத்தை மிதவைக்குழாயில் பார்ப்பார். குளிர்நாட்டுப் புத்தகம் ஆயிரத்து இருநூற்று எண்பது என்று சொல்லும். நம் வெயிலுக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது போதும், அதற்கு மேல் போனால் தகட்டைச் சீக்கிரம் அரிக்கும். இதை நான் புத்தகத்தின் பின்னிணைப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் எப்படித் தெரிந்துகொண்டாரோ.

அமிலம் கிடைக்காதபோது நகைத்தெருவான ஜாலான் துக்காங் எமாசுக்குப் போய்த் தட்டார்களிடம் வாங்கி வருவார். தட்டார்களிடம் இரண்டு திராவகம் உண்டு. ஒன்று பாட்டரிக்கு ஆகும், இன்னொன்று பாட்டரியைத் தின்றுவிடும். மச்சான் மூடியைத் திறந்து, புகைகிறதா என்று பார்த்து, புகைவதை விட்டுவிடுவார்.

இனி குன்சோ. குன்சோ என்றால் சார்ஜெண்ட். கொட்டகைக்குத் தலைவன். நேரில் "குன்சோ தோனோ" என்று குனிந்து சொல்லவேண்டும். இப்போது எழுதும்போது "அவன்" என்று எழுதுகிறேன். அப்போது மனதுக்குள் நினைக்கும்போதுகூட "அவர்"தான்.

குட்டையான, சுத்தமான ஆள். எப்போதும் வெள்ளைக் கையுறை. எதையாவது பார்வையிட வேண்டுமென்றால் வலக் கையுறையை மட்டும் கழற்றுவான், சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக இழுத்து. கழற்றியதை இடக்கையில் பிடித்துக்கொள்வான். அறையவேண்டுமென்றால் இரண்டையும் கழற்றி மடித்து இடுப்பு வாரில் செருகுவான். அதனால் கொட்டகையில் யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம். எந்த வேலையை முடித்துக் காட்டினாலும் "மோ இச்சிதோ" என்பான். இன்னொரு தரம் என்று அர்த்தம். சரியாக இருந்தாலும் இன்னொரு தரம்தான். கெட்ட பழக்கம் என்று சொல்லமாட்டேன். பின்னாளில் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

எழுத்து வேலைக்குக் கிராணி கோபால். காஜா பெராங்கில் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவன். நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டான், தைப்பொங்கலுக்கு எங்களைவிடக் கூடுதலாகப் பானை வைப்பான், தமிழ் மட்டும் ஒரு வாக்கியம் வராது. வீட்டில் தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய மலாய்தான். எங்களிடமும் மலாயில்தான் பேசுவான். நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய்ச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் வாங்கியிருந்தான். குன்சோ பேசுவது எங்களுக்கும் நாங்கள் பேசுவது குன்சோவுக்கும் கோபால் வழியாகத்தான் போய்வரும்.

இந்தக் கோபால் ஒருநாள் கொட்டகையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எல்லா ஜாடிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டினான். திராவக ஜாடியில் "ஆயேர் கெராஸ்" என்று எழுதினான். மலாயில் அது சரியான சொல்தான். ஆனால் சாராயத்துக்கும் அதே சொல். குன்சோவுக்குக் கடைத்தெரு மலாய் கொஞ்சம் தெரியும். திராவகம் என்ற பொருள் அவனுக்குத் தெரியாது, மற்ற பொருள் நன்றாகத் தெரியும். சீட்டைப் படித்தான். மச்சானை ஒரு பார்வை பார்த்தான். ஜாடியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான்.

அந்த அமிலத்துக்கு வாசம் கிடையாது. பார்க்க எண்ணெய் மாதிரி, நல்ல சரக்கு மாதிரியே இருக்கும்.

"மச்சான், குடிச்சிருவார்" என்றேன்.

"குடிச்சா நமக்கென்ன?" என்றார். இரண்டு நொடி நின்றார். "நாம கொடுத்தோம்னு ஆயிரும்ல" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது குன்சோ தேநீர்க் கோப்பையில் ஊற்றி முடித்திருந்தான். மச்சானுக்கு ஜப்பான் மொழி தெரியாது, விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை. தன் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்து அந்தக் கோப்பையில் முக்கி எடுத்தார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணி பழுப்பாகி, கறுத்து, ஓட்டையானது. குன்சோ ஓட்டையைப் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான். தன் தொண்டையைத் தடவிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. "மோ இச்சிதோ" என்று மட்டும் சொன்னான். மச்சான் சட்டையின் இன்னொரு முனையையும் முக்கிக் காட்டவேண்டி வந்தது. அவருக்கு இருந்ததே இரண்டு சட்டை.

இதற்குப் பிறகு மச்சானிடம் குன்சோவுக்கு ஒருவகைப் பிரியம் வந்தது. அவரிடமிருந்து தமிழ் கற்றான். "வா", "போ", "தண்ணி", "சோறு" என்று நாலைந்து சொல். கொட்டகைக்குள் வரும்போதே "வேலு, வா, போ" என்பான். வருவதா போவதா என்று மச்சான் நடுவில் நிற்பார்.

குன்சோவின் மோட்டார் சைக்கிள் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. ஆறு வோல்ட் வண்டி. ஓடுவதற்குப் பாட்டரி தேவையில்லை, பொறி தர அதற்குத் தனியே மேக்னட்டோ உண்டு. விளக்குக்கும் ஹார்னுக்கும் மட்டும்தான் பாட்டரி. ஓடும்போது டைனமோ அந்தப் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். பெட்ரோல் தொட்டியின் மேல் இருந்த அம்மீட்டர், வெள்ளைக்காரர்களோடு அதுவும் சரணடைந்துவிட்டது, முள் அசையாது. ஆகவே டைனமோ ஏற்றுகிறதா இல்லையா என்பதை வண்டி ஓட்டுகிறவன் அறிய வழியில்லை.

குன்சோவுக்கு ஹார்ன் உயிர். காஜா பெராங் முச்சந்தியில் ஆரம்பித்துத் தெங்கேரா போய்ச் சேரும்வரை அடித்துக்கொண்டே போவான், பகலிலும் விளக்கு எரியும். அந்தச் சத்தம் கேட்டதும் ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிவார்கள். சத்தம் இல்லாமல் போனால் பாதிப் பேர் பார்க்கமாட்டார்கள், குனியமாட்டார்கள், அப்போது கையுறை இரண்டும் கழலும். ஹார்ன் வேலை செய்வது ஊருக்கே நல்லது.

ஒருநாள் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. வெளிநாட்டு எண்ணெய் தீர்ந்துவிட்டது, இனி எல்லா உயவுக்கும் தேங்காய் எண்ணெய், ஒவ்வொரு எண்ணெய்க் குழிக்கும் மூன்று சொட்டு. கீழே குன்சோவின் சிவப்பு முத்திரை. டைனமோவுக்கு மெல்லிய எந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, அதுவும் பல மாதத்துக்கு ஒருமுறை என்று என் புத்தகம் சொல்லும். எனக்கு அது தெரியும். அறிவிப்பில் மூன்று என்று இருந்தது. உத்தரவுப்படி மூன்று சொட்டு விட்டேன். தப்பு வந்தால் அது சுவரில் இருக்கும், என்னிடம் இருக்காது. அப்புறம் வண்டியை ஒரு நிமிடம் ஓடவிட்டு வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஏழு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆறு வோல்ட் பாட்டரிக்குச் சரியான அளவு. பதிவேட்டில் "டைனமோ: நல்லது" என்று எழுதினேன். அழகாக எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து முதல் பாட்டரி செத்தது. மச்சான் நன்றாக ஏற்றிய இன்னொன்றை வைத்தார். நாலே நாளில் அதுவும் போயிற்று. மூன்றாவதை வைக்கும்போது என்னிடம் வந்தார்.

"மச்சான், அந்த டைனமோவ நீ ஒருதரம் பாத்திரேன்."

நான் பதிவேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். "பாத்தாச்சு. எழுதியிருக்கு பாருங்க."

"எழுதியிருக்கு. இருந்தாலும்."

"நல்லதுனு எழுதின சாமான குன்சோ உத்தரவு இல்லாம திறக்கக்கூடாது, தெரியும்ல. வோல்ட்மீட்டரும் அவர் அலமாரியில பூட்டிக் கிடக்கு. விண்ணப்பப் பாரம் எழுதிக் கேக்கணும். எழுதினா, முதல்ல ஏன் சரியா பாக்கலனு கேப்பார்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டத்தின்படி நான் சொன்னது முழுக்கச் சரி. என் வாழ்க்கையில் நான் சட்டப்படி தவறியதே இல்லை.

மூன்றாவதும் செத்தது. குன்சோவுக்குச் சந்தேகம் வந்தது: பாட்டரிக்காரன் அமிலத்தை விற்றுவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றுகிறான், அல்லது வேண்டுமென்றே பாட்டரியைக் கெடுக்கிறான். இரண்டில் எதுவானாலும் தண்டனை ஒன்றுதான். கோபாலைக் கூட வைத்துக்கொள்ளாமல், எல்லோருக்கும் புரியட்டும் என்று தன் மலாயிலேயே சொன்னான்.

"இன்னும் ஒரு பாட்டரி மாத்தி. வேலு, சியாம் பிகி."

மாத்தி என்றால் செத்தால். பிகி என்றால் போ. சயாமில் அவர்கள் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை வேலைக்கு. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அங்கே லாரி லாரியாக ஆள் போயிருந்தது. திரும்பி வந்தவர் யாரையும் அதுவரை நாங்கள் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் மச்சான் கிழங்கைப் பிட்டுக்கொண்டே, "சயாம்ல சோறு போடறானாம்" என்றார். நான் சிரிக்கவில்லை. "சும்மா சொன்னேன்" என்றார். நாலாவது பாட்டரியை அவர் இரண்டு நாள் வைத்து மெதுவாக ஏற்றினார். அமிலத்தின் கனம் மூன்று அறையிலும் ஒன்றுபோல நின்றது. முனைகளைத் துடைத்து வேஸ்லின் தடவினார். கொண்டுபோய்ப் பூட்டும்போது அதன் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்திருந்தார்.

நடுவில் இன்னொரு உத்தரவும் வந்திருந்தது. பாட்டரி, டைனமோ, பிரேக் எல்லாம் எதிரியின் மொழி, இனிமேல் கொட்டகைக்குள் ஜப்பான் சொல்லைத்தான் பயன்படுத்தவேண்டும் என்று. கோபால் ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினான், ஜப்பான் எழுத்திலேயே. நாங்கள் யாரும் அதைப் படிக்க முடியாது. குன்சோவுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

நாலாம் நாள் காலை வண்டி சத்தமில்லாமல் கொட்டகைக்குள் வந்தது. குன்சோ இறங்கி எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு ஹார்னை அழுத்தினான். முட்டையிட முடியாத கோழி மாதிரி அது ஒருமுறை முனகி நின்றது. அவன் வலது கையுறையைக் கழற்றினான், சுண்டுவிரல் முதல். பிறகு இடது கையுறையையும் கழற்றினான். கோபால் அன்றைக்கு நிப்பொங்கோ வகுப்புக்குப் போயிருந்தான்.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

குன்சோ அவரைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக் கையை நீட்டி, என்னை நோக்கிக் கத்தினான்.

"சிகுதென்சி."

புரியாமல் விழித்தேன். அவன் இன்னும் மெதுவாக, செவிடனிடம் சொல்வதுபோல, பிரித்துச் சொன்னான்.

"சிகு. தென்சி."

அடடா. தமிழ். "வா", "போ" கற்றுக்கொண்டவன் அடுத்த பாடத்துக்கு வந்திருக்கிறான். சிக்கு, தேஞ்சி. ஏதோ சிக்கியிருக்கிறது, ஏதோ தேய்ந்துபோயிருக்கிறது என்கிறான். மோட்டார் சைக்கிளில், மின்சாரம் ஏறாத மோட்டார் சைக்கிளில், சிக்கவும் தேயவும் கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: டைனமோவுக்குள் இருக்கிற கார்பன் கட்டி. சுழல்கிற செப்பை அது தொட்டுக்கொண்டே இருந்தால்தான் மின்சாரம் வெளியே வரும். எங்கள் புத்தகத்தில் அந்தக் குறைக்கு இரண்டே காரணம் போட்டிருக்கும்: கட்டி அதன் கூட்டில் சிக்கிக்கொள்வது, கட்டி தேய்ந்துபோவது. இந்தக் குட்டை ஆள் புத்தகத்தையே இரண்டு தமிழ்ச்சொல்லில் சொல்லிவிட்டான். அதோடு இது உத்தரவு. உத்தரவு வந்துவிட்டால் "நல்லது" என்று எழுதியதையும் திறக்கலாம்.

"ஹாய், குன்சோ தோனோ" என்று, அதாவது ஆகட்டும் என்று, குனிந்தேன். பாட்டரியைத் தாண்டிப்போய் டைனமோவின் பட்டையைக் கழற்றினேன்.

பின்னால் அவன் ஏதோ கத்தினான். உற்சாகப்படுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே இரண்டு கட்டி. ஒன்று விரலால் இழுத்ததும் வந்தது. மற்றது வரவில்லை. கம்பிக் கொக்கியால் நெம்பி எடுத்தேன். வந்தது பாதி கூட இல்லை, துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரியது. கூடு முழுக்கக் கறுப்புப் பிசின். கார்பன் தூளும் எண்ணெயும் குழைந்து வெந்து அப்பியிருந்தது. வண்டி குளிர்ந்திருக்கும்போது கட்டி கொஞ்சம் நகரும், சூடேறினதும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அது எழுப்பிய வாசம் மூக்கில் ஏறியது. கருகிய தேங்காய் எண்ணெய். தலைமுடிச் சிக்கை எடுக்க நம் வீட்டுப் பெண்கள் தடவுகிற அதே எண்ணெய், இங்கே சிக்கைப் போட்டு வைத்திருந்தது. போட்டவன் நான்.

பக்கத்தில் மச்சானின் கால்கள் நின்றன. நான் தலையைத் தூக்கவில்லை.

பிறகு வேலையைப் பார்த்தேன். கூட்டையும் செப்பையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். செப்பு உருளையை மெல்லிய மணல்தாளால் தேய்த்தேன். இரும்பு கலந்த தாளை அங்கே காட்டக்கூடாது. செப்புத் துண்டுகளுக்கு நடுவில் இருந்த பள்ளங்களை உடைந்த ரம்பப்பல்லால் சுரண்டினேன். புதுக் கட்டி கிடையாது. லாரி டைனமோவின் பழைய கட்டி ஒன்றை அரத்தால் தேய்த்து அளவாக்கினேன். கூட்டில் போட்டால் தன் கனத்திலேயே வழுக்கி இறங்கவேண்டும், ஆனால் ஆடக்கூடாது. அதன் அடியில் மணல்தாளைச் சுற்றி, செப்பின் வளைவுக்குச் சரியாகப் பதியவைத்தேன். சுருள்வில் அமுக்குகிறதா என்று பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் குன்சோ கழற்றிய கையுறைகளை வாரில் செருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். ஏன் என்னை அறையவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறேன். ஒருவன் அவ்வளவு நம்பிக்கையோடு உத்தரவை மீறுவதை அவன் அதுவரை பார்த்ததில்லை போலும்.

வோல்ட்மீட்டர் வேண்டும் என்று கையால் காட்டினேன். அவனே போய் எடுத்துவந்தான். பாரம் கேட்கவில்லை. பாட்டரி முனைகளில் வைத்தேன். ஐந்தரைக்கும் கீழே. மச்சான் வண்டியை உதைத்து எழுப்பினார். முள் அசையவில்லை. கொஞ்சம் முடுக்கினார். அசையவில்லை. இன்னும் முடுக்கினார். பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். அது கட்-அவுட், டைனமோவின் வோல்ட் பாட்டரியைத் தாண்டியதும் இரண்டையும் சேர்த்து வைக்கிற காந்தம். முள் கிளம்பியது. ஆறு. ஆறரை. ஏழு. ஏழுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. கொட்டகையில் எல்லோரும் முள்ளைப் பார்த்தோம். மச்சான் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"மோ இச்சிதோ" என்றான் குன்சோ.

அணைத்து மறுபடியும் எழுப்பினோம். அதே ஏழு. கால் மணி நேரம் ஓடவிட்டு, நன்றாகச் சூடேற்றி, மறுபடியும் வைத்தோம். அப்போதும் ஏழு.

அந்த நேரத்தில்தான் கோபால் வந்து சேர்ந்தான். குன்சோ அவனிடம் நீளமாகப் பேசினான். கோபால் என்னிடம் திரும்பினான்.

"லு அப்பா பிகின்?" நீ என்ன செய்தாய் என்றான். "அவர் பாட்டரியை மாற்றச் சொன்னாராம். நீ பாட்டரியைத் தொடவே இல்லையாம்."

"எப்ப சொன்னார்? சிக்கு, தேஞ்சினு சொன்னார். சிக்கியிருந்துச்சு, தேஞ்சிருந்துச்சு. எடுத்துட்டேன்" என்றேன் மலாயில், அந்த இரண்டு சொல்லை மட்டும் தமிழில்.

கோபால் சின்னம் குத்தின சட்டையோடு என்னை இரக்கமாகப் பார்த்தான். "சிகுதென்சி இத்து பாட்ரி லா."

ஜப்பான் மொழியில் பாட்டரிக்கு அதுதான் பெயர். சுவரில் ஒட்டிய பட்டியலில் முதல் சொல். கோபாலுக்குத் தமிழ் தெரியாது, எனவே நான் ஏன் பாட்டரியைத் தாண்டிப் போனேன் என்பது அவனுக்குப் புரியவில்லை. குன்சோவுக்கும் புரியவில்லை. மச்சானுக்குப் புரிந்தது. அவர் மேஜைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

ஆனால் விஷயம் முடியவில்லை. குன்சோ அந்தத் தேய்ந்த கட்டியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். முகர்ந்தான். அவன் கண் மெதுவாகச் சுவருக்குப் போனது. அங்கே அறிவிப்பு இருந்தது: தேங்காய் எண்ணெய், மூன்று சொட்டு, சிவப்பு முத்திரை. நாங்கள் எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தோம்.

இப்போது கோபாலுக்கு ஒரு சங்கடம். ஜப்பான் மொழிப் பதிவேட்டில் அவன் வரி எழுதி, குன்சோவின் முத்திரை வாங்கவேண்டும். குறை என்ற இடத்தில் என்ன போடுவது? எண்ணெய் என்றால் குன்சோ. அமிலம் என்றால் மச்சான். டைனமோ என்றால், "நல்லது" என்று எழுதிய நான்.

"அப்பா மாவ் துலிஸ்?" என்ன எழுத என்று என் காதருகே கேட்டான்.

"அவர் சொன்னதையே எழுது" என்றேன். "சிகுதென்சி."

"பாட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?"

"எழுது."

எழுதினான். குன்சோ பதிவேட்டை வாங்கிப் படித்தான். நீண்ட நேரம் படித்தான், ஒரே ஒரு சொல்தான். அவன் மொழியில் அது, குறை பாட்டரியில், குன்சோ சொன்னபடியே, பழைய பாட்டரிக்கு வயதாகிவிட்டது, யார்மேலும் தப்பில்லை என்று சொன்னது. எங்கள் மொழியில் நடந்ததைச் சொன்னது. அவன் கை சட்டைப்பைக்குப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டக் என்று சத்தம். அறை இல்லை, முத்திரை. பிறகு வாரிலிருந்து கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டான். கட்டைவிரலில் ஆரம்பித்து, சுண்டுவிரலில் முடித்தான்.

வண்டியில் ஏறி ஹார்னை அழுத்தினான். காஜா பெராங் முழுக்கக் குனிந்திருக்கும்.

மறுநாள் சுவரில் அறிவிப்பு இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. சயாம் பற்றி யாரும் பேசவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிழங்கைப் பிட்டு எனக்கும் வைத்தார்.

"மொத பாட்டரி மாத்தறப்பவே அந்த வாசம் வந்துச்சு மச்சான்" என்றார். "ஒங்கக்கா தலைக்குப் பூசற வாசம். டைனமோ பக்கத்துல."

நான் கிழங்கைக் கீழே வைத்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ஒருதரம் பாக்கச் சொன்னேன்ல. நீ பதிவேட்டக் காட்டின." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "நல்லதுனு எழுதியிருந்துச்சு. படிச்ச ஆளு எழுதினதுக்கு மேல நான் எப்படி என் மூக்க நம்பறது?"

ஜப்பான் சண்டை முடிந்து அவர் பல வருடம் இருந்தார். பாட்டரி மேஜையில்தான் ஓய்வு பெற்றார். இந்தப் பேச்சை அவர் மறுபடி எடுத்ததில்லை. ஆனால் வீட்டில் எது பழுதானாலும், சுவர்க்கடிகாரமோ அக்காவின் தையல் மிஷினோ, என்னைப் பார்த்து "சிகுதென்சி" என்பார், ஜப்பான் உச்சரிப்பில். அக்காவுக்கு இன்றுவரை அர்த்தம் தெரியாது.

குருபோங் பட்டறைத் தம்பிக்கு: பாட்டரியை வைத்துவிட்டு, வண்டியை ஓடவிட்டு, முனைகளில் மீட்டரை வை. உன் பன்னிரண்டு வோல்ட் வண்டியில் பதினாலை ஒட்டி நிற்கவேண்டும். நிற்கவில்லையென்றால் நீ மாற்றிய மூன்று பாட்டரியும் நிரபராதிகள். சூடேறின பிறகு இன்னொரு தரம் பார்.

செயலாளர் மீதி விதி எங்கே என்று கேட்பார். நான் வேலை பார்த்த அத்தனை வருடமும் எந்தப் பதிவேட்டிலும் "நல்லது" என்று எழுதுமுன் டைனமோவை மோந்து பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். படித்தவன் என்ற பெயர் இருந்ததே.